சாவியும் சீட்டும்

'கிளவுட்' என்ற வார்த்தை இன்றைக்கு எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. கல்யாண வீட்டுப் போட்டோக்காரர் முதல் கல்லூரி மாணவி வரையில், "அதைக் கிளவுடிலே போட்டு வைத்திருக்கிறேன்" என்கிறார்கள். மேகத்தில் போட்டு வைப்பதாவது! மேகத்தில் ஒன்றும் இல்லை. நாம் பார்த்திராத ஏதோ ஓர் ஊரில், குளிரூட்டிய கட்டடம் ஒன்றில், வரிசை வரிசையாக அடுக்கிய டிஸ்க்குகளில் அது கிடக்கிறது. உள்ளதைச் சொன்னால் அது ஒரு கிடங்கு. கிடங்கு என்றால் கதவு உண்டு. கதவு என்றால் பூட்டு உண்டு. பூட்டு என்றால் சாவி உண்டு. நான் இங்கே சொல்ல வந்தது அந்தச் சாவியின் சரித்திரத்தைத்தான்.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கலாம். எனக்குப் பழக்கமான ஸ்டூடியோக்காரர் ஒருவர் இருக்கிறார். ஒரு முகூர்த்தத்துக்கு மூவாயிரம் படம் எடுக்கிறவர். முன்பெல்லாம் ஒவ்வொரு படத்துக்கும் பெயர் வைத்து, சின்னப் பிரதி ஒன்று தயாரித்து, கிடங்குக்கு ஏற்றிவிட்டு எழுந்திருப்பதற்குள் அவருக்கு விடிந்துவிடும். இப்போது அவருடைய அக்காள் மகன் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறான். காமிராவின் கார்டைச் செருகிவிட்டு மாமா காப்பி சாப்பிடப் போய்விடலாம். படங்கள் தாமாகவே போய்ச் சேர்ந்துவிடுகின்றன. பையன் அதைத் திறந்து எனக்குக் காட்டினான். வேலை செய்கிற பகுதி கீழே இருந்தது. அதற்கு மேலே தனியாகப் பத்துப் பன்னிரண்டு வரிகள். 'செட்டிங்ஸ்' என்றான். எந்தக் கிடங்கு, அதில் எந்த அறை, படத்துக்கு என்ன மாதிரிப் பெயர், சின்னப் பிரதியின் அகலம் எவ்வளவு, யார் யார் பார்க்கலாம் — எல்லாம் அந்த வரிகளில் இருந்தன. ஒரு தடவை எழுதினால் போதுமாம். அடுத்த கல்யாணத்துக்கும் அவைதான், பக்கத்து ஊர்க் கிளைக்கும் அவைதான். தவசிப்பிள்ளை கையிலுள்ள சாமான் பட்டியல் மாதிரி.

"கிடங்கைத் திறக்க ரகசிய எண் ஏதாவது வேண்டாமா? அது எந்த வரியில் இருக்கிறது?" என்று கேட்டேன்.

"அது இதிலே இருக்கக் கூடாது, சார்" என்றான்.

ஏன் கூடாது? 'கூடாது' என்ற அந்த ஒரு சொல்லை எழுத்துக்காரர்கள் கற்றுக்கொள்வதற்குப் பல வருஷங்களும், பல கோடி மனிதர்களின் சொந்த விவரங்களும் விலையாகப் போயிருக்கின்றன. எழுத்துக்காரர்கள் என்று நான் சொல்வது புரோகிராம் எழுதுகிறவர்களை. அவர்களும் எழுத்தாளர்கள்தானே!

ஒரு தடவை எழுதியதைப் பல தடவை உபயோகிக்க வேண்டும் என்ற ஆசை கம்ப்யூட்டரோடு கூடப் பிறந்தது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் 'எட்சாக்' என்ற யந்திரம் 1949-ம் வருஷம் மே மாதத்தில் வேலை செய்ய ஆரம்பித்தது. மாரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் என்ற மூவரும் அதற்கு ஒரு புதுமாதிரியான நூலகம் ஏற்படுத்தினார்கள். அடிக்கடி தேவைப்படும் கணக்குகளைத் துளையிட்ட காகித நாடாக்களில் பதித்து ஓர் இரும்பு அலமாரியில் வைத்துவிட்டார்கள். வேண்டியவர் வேண்டிய நாடாவை எடுத்துத் தம்முடைய நாடாவில் பிரதி செய்துகொண்டு, எடுத்ததைத் திரும்ப வைத்துவிட வேண்டியது. இந்த முறையை விளக்கி 1951-ல் மூவரும் ஒரு புத்தகமே வெளியிட்டார்கள். அந்த நாடாக்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். ஸைன், கோஸைன் கணக்கில் திருட என்ன இருக்கிறது? இரவல் கொடுப்பதில் அபாயமே இல்லாத பொற்காலம் அது.

ஒரு யந்திரத்திலிருந்து இன்னொரு யந்திரத்துக்குக் கோப்புகளை அனுப்ப வேண்டும் என்ற நிலை வந்தபோதுதான் வேறு விதமான தொல்லை ஆரம்பமாயிற்று. அனுப்புகிற முறைக்கு முதலில் விதி வகுத்துக் கொடுத்தவர் நம் நாட்டுக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அபய் பூஷண் அலகாபாத்தில் பிறந்தவர், கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்து 1965-ல் வெளிவந்தவர். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்தபோது, 1971-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், கோப்பு அனுப்பும் விதிகளை எழுதி வெளியிட்டார். எப்.டி.பி. என்ற மூன்றெழுத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி. இன்டர்நெட் என்று நாம் இன்று சொல்வதற்கெல்லாம் தாயாக இருந்த 'ஆர்பாநெட்' அப்போது சிறு குழந்தை.

எப்.டி.பி.யில் கோப்பை அனுப்புகிறவர் ஒவ்வொரு தடவையும் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். நான் இன்னார், என் ரகசியச் சொல் இது, அனுப்புவது இன்ன வகை, கொண்டுபோய் வைக்க வேண்டிய இடம் இது. 'வகை' என்ற இடத்தில் ஒரு பொறி உண்டு. ஒன்றும் சொல்லாவிட்டால், வருவது எழுத்துக்களாலான கோப்பு என்றே அது எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு யந்திரமும் வரியின் முடிவை ஒவ்வொரு விதமாகக் குறிப்பதால், போகிற யந்திரத்தின் வழக்கத்துக்கு ஏற்ப வரி முடிவுகளை மாற்றிக் கொடுக்கும். கடிதம் அனுப்பினால் இது பெரிய உபகாரம். புகைப்படம் அனுப்பினால்? படத்துக்குள் தற்செயலாக வரி முடிவைப் போலத் தோன்றும் எண்களையெல்லாம் மாற்றிவிடும். போய்ச் சேர்ந்த படம் திறக்காது. சொல்ல மறந்த ஒரு சொல்லுக்காக எத்தனையோ படங்கள் இப்படிப் பாழாகியிருக்கின்றன.

ஆகவே, தினமும் நினைவாகச் சொல்வதைவிட ஒரு தடவை எழுதி வைத்துவிடுவது மேல் என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை. 1980களில் பெர்க்லி சர்வகலாசாலையின் யூனிக்ஸில் 'நெட்ஆர்சி' என்ற ஒரு சிறு கோப்பு இருந்தது. எந்த யந்திரம், யார் பெயர், என்ன ரகசியச் சொல் என்று அதில் எழுதி வைத்தால் எப்.டி.பி. அதைப் பார்த்துத் தானே உள்ளே போய்விடும். உள்ளே போனதும் செய்ய வேண்டிய கட்டளைகளையும் அதிலேயே சேர்த்து எழுதி வைக்கலாம். ஸ்டூடியோப் பையனின் பன்னிரண்டு வரிகளுக்கு இதுதான் பாட்டனார். ஆனால் ரகசியச் சொல், கண்ணுள்ளவன் படிக்கலாம் என்கிற மாதிரி, மற்ற வரிகளோடு வரியாகக் கிடந்தது. இதில் ஏதோ சரியில்லை என்பது அதை ஏற்படுத்தியவர்களுக்கே தெரிந்திருந்தது. அந்தக் கோப்பைப் பிறர் படிக்க இடம் இருந்தால், எப்.டி.பி. அதிலுள்ள ரகசியச் சொல்லை உபயோகிக்க மறுத்துவிடும். தெருக்கதவில் சாவியைத் தொங்கவிட்டவனைப் பார்த்து, "முதலில் அதை எடு, பிறகு உள்ளே வருகிறேன்" என்று சொல்கிற வேலைக்காரன் மாதிரி. அந்த முறைப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பின்னால் வந்த சாதனங்களுக்கு அது வெகுகாலம் இல்லாமல் போயிற்று.

1995-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஜெராக்ஸ் கம்பெனியைச் சேர்ந்த லாரி மாசின்டர், எர்னெஸ்டோ நெபெல் என்ற இருவர், இணையப் பக்கத்திலிருந்தே கோப்பை ஏற்றும் வழியை விதியாக எழுதினார்கள். படம் போடுவதற்கு இன்று நாம் அழுத்துகிற பொத்தானின் மூலம் அதுதான். எப்.டி.பி. பண்டிதர்களின் கையிலிருந்த வேலை பாமரர் கைக்கு வந்தது. பாமரர்கள் படங்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். குவிந்ததை எங்கே வைப்பது என்பது பிரச்னையாயிற்று.

2006-ம் வருஷம் மார்ச் மாதம் 14-ந் தேதி அமேசான் கம்பெனி 'எஸ்-3' என்ற கிடங்கைத் திறந்தது. ஒரு ஜிகாபைட்டுக்கு மாதம் 15 அமெரிக்க சென்ட் வாடகை. புஸ்தகம் விற்கிற கம்பெனி கிடங்கு வாடகைக்கு விடுகிறதே என்று பலர் சிரித்தார்கள். ஆனால் 'ஸ்மக்மக்' போன்ற புகைப்பட ஸ்தாபனங்கள் அந்த வருஷமே தங்கள் படங்களை அங்கே வைக்க ஆரம்பித்தன. கிடங்கின் ஒவ்வோர் அறைக்கும் 'பக்கெட்', அதாவது வாளி, என்று பெயர். வாளி எவ்வளவு கொள்ளும் என்று கேட்டால், மொத்தத்துக்கு வரம்பே இல்லை என்பது பதில்.

கணக்குத் திறந்தவருக்கு இரண்டு நீளமான எழுத்துச் சரங்கள் கொடுப்பார்கள். ஒன்று பெயர் மாதிரி, வெளியே சொல்லலாம். மற்றொன்று 40 எழுத்துள்ள ரகசியச் சாவி. ஆரம்ப காலத்தில் ஒரு கணக்கின் சாவி அந்தக் கணக்கிலுள்ள எல்லாவற்றையும் திறந்தது. பார்ப்பதற்கு, எழுதுவதற்கு, அழிப்பதற்கு எல்லாம் அதே சாவி. வேலைக்காரனுக்கு வாசல் சாவி மட்டும், கணக்கப்பிள்ளைக்குப் பெட்டிச் சாவி மட்டும் என்று பிரித்துக் கொடுக்கிற ஏற்பாடு 2011-ம் வருஷத்தில்தான் முழு நடைமுறைக்கு வந்தது. நம் ஊர்த் தாலுகா கஜானாவுக்கு இரட்டைப் பூட்டுப் போட்டு, இரண்டு அதிகாரிகளிடம் ஆளுக்கொரு சாவி கொடுத்து வைத்தவர்கள் இதைக் கேட்டால் மயக்கம் போட்டு விழுந்திருப்பார்கள்.

இதே காலத்தில் எட்சாக் அலமாரியின் வாரிசுகளும் பெருகின. 2008-ம் வருஷம் செப்டம்பரில் வெளிவந்த 'ஜாங்கோ 1.0' என்ற சாதனம், படங்களை எங்கே வைப்பது என்பதைத் தனியே கழற்றி மாட்டக் கூடிய ஒரு பகுதியாக ஆக்கிற்று. இன்று சொந்த டிஸ்க், நாளை எஸ்-3. செட்டிங்ஸில் சில வரிகளை மாற்றினால் போதும். சௌகரியம் என்றால் இதுதான் சௌகரியம். ஆனால் அந்தச் சில வரிகளில்தான் வாளியின் பெயரும் இருந்தது, சாவியும் இருந்தது. ஓர் ஆபீஸில் நன்றாக ஓடிய செட்டிங்ஸை அடுத்த ஆபீஸ் நண்பருக்குக் கொடுப்பது இந்தத் தொழிலில் சகஜம்; நல்ல குணம் என்றுகூடச் சொல்ல வேண்டும். எழுதியதைப் பகிர்ந்துகொள்வதற்கென்றே 2008-ல் 'கிட்ஹப்' என்ற பொது மண்டபமும் திறக்கப்பட்டிருந்தது. அதற்கு ஆதாரமான 'கிட்' என்ற கருவியை லினக்ஸ் புகழ் லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் செய்தார். அதற்கு ஒரு விசேஷ குணம்: மறக்கவே மறக்காது. இன்றைக்கு எழுதிய வரியை நாளைக்கு அடித்துவிட்டாலும், நேற்றைய பிரதியைக் காட்டு என்றால் காட்டும். சாவியை எழுதிவிட்டுப் பதறி அடிப்பதில் பிரயோஜனமில்லை. பூட்டையே மாற்ற வேண்டும்.

இப்போது ஊபர் கதைக்கு வருகிறேன். வாடகைக் கார் கம்பெனியைத்தான் சொல்கிறேன். அமெரிக்க அரசாங்கத்தின் வர்த்தகக் கமிஷன் அதன்மேல் எழுதிய புகாரைப் படித்தால், கற்பனை செய்கிற என் போன்றவர்களுக்கு வெட்கமாக இருக்கும். அப்படி ஒரு கதை. 2014-ம் வருஷம் வரையில் அந்தக் கம்பெனியின் என்ஜினீயர்கள் எஸ்-3 கிடங்கைத் திறப்பதற்கு ஒரே சாவியைப் பொதுவாக வைத்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் சர்வ அதிகாரம் உள்ள சாவி. அவர்களில் ஒருவர் தாம் எழுதிய புரோகிராமைக் கிட்ஹபில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். அதற்குள் சாவி இருந்தது. யாரோ எடுத்தார்கள், அந்த வருஷம் மே மாதத்தில் கிடங்கைத் திறந்தார்கள். அங்கே ஆயிரக்கணக்கான கார் டிரைவர்களின் பெயர்களும் லைசென்ஸ் எண்களும், பூட்டின்றி, யாரும் படிக்கக் கூடிய எழுத்தில் கிடந்தன.

ஒரு தடவை சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். கம்பெனிகளுக்கு இது பொருந்தாது போலிருக்கிறது. 2016-ம் வருஷத்தின் இலையுதிர் காலத்தில் மறுபடியும் அதே கதை நடந்தது. இந்தத் தடவை புரோகிராம் இருந்தது பொது மண்டபத்தில் அல்ல, கம்பெனியின் தனி அறையில். தனி அறைதானே என்ற தைரியத்தில் சாவியை அதற்குள் விட்டுவைத்திருந்தார்கள். வேறு இடங்களில் கசிந்த ரகசியச் சொற்களை வைத்துக்கொண்டு இருவர் அந்த அறைக்குள் புகுந்து, சாவியைக் கண்டெடுத்து, கிடங்கைத் திறந்துவிட்டார்கள். 5 கோடியே 70 லட்சம் பேருடைய விவரங்கள் போயின. சுமார் 6 லட்சம் அமெரிக்க டிரைவர்களின் லைசென்ஸ் எண்களும் அதில் அடக்கம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கேவலம். திருடியவர்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து வாயை மூடினார்கள். குற்றம் கண்டுபிடித்துச் சொன்னவர்களுக்குத் தரும் சன்மானம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒரு வருஷம் கழித்து, 2017 நவம்பரில்தான், புதிய நிர்வாகம் விஷயத்தை வெளியே சொன்னது. 2018 செப்டம்பரில் அமெரிக்க மாகாணங்களுக்கெல்லாம் சேர்த்து 14 கோடியே 80 லட்சம் டாலர் கொடுத்து வழக்கைத் தீர்த்தார்கள். கம்பெனியின் பாதுகாப்புத் தலைவராக இருந்த ஜோ சல்லிவன் விஷயத்தை மறைத்ததற்காக 2022 அக்டோபரில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2023-ல் மூன்று வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உள்ளானார்.

எனக்கு இதில் சல்லிவனைவிட டிரைவர்களைப் பற்றித்தான் நினைப்பு ஓடுகிறது. லைசென்ஸ் எண்ணைக் கேட்டார்கள், கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால் வண்டி ஓட்ட முடியாது. ஓட்டாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அந்த எண் எந்த வாளிக்குப் போகிறது, அந்த வாளியின் சாவியை யார் எந்தக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அவர்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்குமா? அந்த வரிகள் எழுதப்பட்டபோது எதிரே நின்று, "ஐயா, அதை மட்டும் அங்கே எழுதாதீர்கள்" என்று சொல்ல அவர்களுக்கு வழி ஏது? செட்டிங்ஸ் எழுதுகிறவருக்கு அது ஒரு வரி. ஓட்டுகிறவருக்கு அது பெயர், அடையாளம், மானம் எல்லாம்.

இது ஒரு கம்பெனியின் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2014 ஜூன் மாதத்தில் 'கோட் ஸ்பேஸஸ்' என்ற ஸ்தாபனத்தின் அமேசான் கணக்குக்குள் ஒருவன் புகுந்து பணம் கேட்டு மிரட்டினான். கொடுக்காமல் அவனை விரட்டப் பார்த்தபோது கையில் கிடைத்ததையெல்லாம் அழித்துவிட்டான். அசல் இருந்த கணக்கிலேயே நகல்களும் இருந்தபடியால் இரண்டும் சேர்ந்து போயின. அரை நாளுக்குள் காரியம் முடிந்தது. ஸ்தாபனம் கடையைக் கட்டிவிட்டது. 2019-ல் நார்த் கரோலினா மாகாண சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் கிட்ஹபின் பொதுப் பகுதியை அலசிப் பார்த்து, சாவிகள் கசிந்த புரோகிராம் தொகுதிகள் ஒரு லட்சத்துக்கு மேல் இருப்பதாகக் கண்டார்கள்.

இத்தனைக்கும் மருந்து ஆரம்பத்திலிருந்தே கையில் இருந்தது. 1996-ல் மிஹிர் பெல்லாரே, ரான் கனெட்டி, ஹ்யூகோ கிராவ்சிக் என்ற மூவர் 'எச்மாக்' என்ற கணித முறையை வெளியிட்டிருந்தார்கள். ராஜாவின் முத்திரை மோதிரத்தைப் போன்றது அது. மோதிரம் விரலிலேயே இருக்கும். ஓலையில் பதிந்த அச்சு மட்டும் ஊர் ஊராகப் போகும். அச்சைப் பார்த்து மோதிரம் செய்துகொள்ள முடியாது. எஸ்-3 தன் சாவியைப் பிறந்த நாள் முதல் இந்த முறையில்தான் உபயோகிக்கிறது. சாவி வைத்திருப்பவர், "இந்தப் படத்தை, இந்த அறையில், இத்தனை மணிக்குள் வைக்கலாம்" என்று ஒரு சீட்டு எழுதி முத்திரை போட்டுக் கொடுத்துவிடலாம். எத்தனை பெரிய கோப்பு, எந்த வகைக் கோப்பு என்றும் அதில் நிபந்தனை விதிக்கலாம். சீட்டைக் கொண்டு வருகிறவன் நேரே கிடங்கில் படத்தை வைத்துவிட்டுப் போவான். நேரம் தாண்டினால் சீட்டு வெறும் காகிதம். இப்போதைய விதிப்படி அதிக பட்சம் ஏழு நாள். சீட்டு திருட்டுப் போனாலும் போவது ஒரு படத்துக்கான உரிமை, கிடங்கு அல்ல.

சாவி எங்கே இருக்க வேண்டும் என்பதற்கும் 2011-லேயே பதில் சொல்லியாகிவிட்டது. ஹெரோகு கம்பெனியின் ஆடம் விக்கின்ஸ், நல்ல புரோகிராமுக்குப் பன்னிரண்டு லட்சணங்கள் எழுதினார். அவற்றில் ஒன்று, இடத்துக்கு இடம் மாறுகிற விவரங்கள் புரோகிராமுக்குள் இருக்கக் கூடாது, யந்திரத்தின் சூழலில் இருக்க வேண்டும் என்பது. அதற்கு அவர் சொன்ன பரீட்சை எளிமையானது: உன் புரோகிராமை இந்த நிமிஷமே ஊரறிய வெளியிட்டால் ஏதாவது ரகசியம் வெளியாகுமா? ஆகும் என்றால் நீ தோற்றாய். இது வந்து மூன்று வருஷம் கழித்துத்தான் ஊபரின் முதல் சாவி போயிற்று, ஐந்து வருஷம் கழித்து இரண்டாவது சாவி. ஊருக்கு உபதேசம் எப்போதும் எளிதாகக் கிடைக்கிறது. செட்டிங்ஸ் எழுதுகிறவனுக்கோ வேலை முடிந்தால் போதும் என்றிருக்கும். சாவியை அங்கேயே எழுதினால்தான் உடனே ஓடும்.

ஆகவே பிற்பாடு வந்தவர்கள் உபதேசத்தை விட்டு, எழுத்துக்காரரின் கையையே கட்ட ஆரம்பித்தார்கள். 2018 ஏப்ரலில் வந்த 'ரெயில்ஸ் 5.2' படம் ஏற்றுவதற்கான செட்டிங்ஸையும் ரகசியங்களுக்கான ஒரு பூட்டிய பெட்டியையும் ஒரே சமயத்தில் கொண்டுவந்தது. பெட்டி புரோகிராமோடு எங்கும் போகலாம். பெட்டியின் சாவி மட்டும் கிட்டுக்குள் போகாதபடி முதலிலேயே விலக்கி வைக்கப்பட்டிருக்கும். கிட்ஹப், பொதுவில் வைக்கப்படும் கோப்புகளில் சாவி மாதிரி ஏதாவது தென்பட்டால் சம்பந்தப்பட்ட கம்பெனிக்கு உடனே தகவல் கொடுக்கிறது. அமேசான் 2023 ஏப்ரல் முதல், புதிதாகத் திறக்கிற வாளி எதுவானாலும், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பொதுமக்களுக்கு மூடியே இருக்கும்படி செய்துவிட்டது. அதாவது, ஒன்றும் சொல்லாமல் விட்டால் படம் பாழாகும் என்றிருந்த காலம் போய், ஒன்றும் சொல்லாமல் விட்டால் படம் பத்திரம் என்று ஆகியிருக்கிறது. அபய் பூஷண் காலத்திலிருந்து இதற்கு ஐம்பது வருஷம் பிடித்தது.

2021-ல் இன்னொரு படி ஏறினார்கள். கிட்ஹபில் தானாக ஓடுகிற வேலைகள் கிடங்குக்குப் போகும்போது, தாங்கள் இன்னார் என்று அடையாளம் காட்டி, சிறிது நேரமே செல்லுபடியாகிற ஒரு சீட்டை அங்கேயே பெற்றுக்கொள்கின்றன. எழுதி வைக்கச் சாவியே கிடையாது. ஸ்டூடியோப் பையனைப் போன்றவர்கள் இந்தக் காலத்தில் கற்றுக்கொண்டவர்கள். பழைய நாற்பதெழுத்துச் சாவியும் ஒழிந்துவிடவில்லை. கேட்டால் இன்றும் அமேசான் கொடுக்கிறது. கொடுக்கும்போது திரையில் ஒரே ஒரு தடவை காட்டும். இப்போது குறித்துக்கொள்ளாவிட்டால் மறுபடி பார்க்க முடியாது என்று பக்கத்திலேயே எச்சரிக்கையும் போட்டிருக்கிறது. எங்கே குறித்துக்கொள்வது என்பது மட்டும் குறித்துக்கொள்கிறவர் இஷ்டம்.